ஒரே ராத்திரியில் ஒரு சாண் இளைத்த டிரைவர்

சென்ற வாரம் ரேவதி வீட்டுக்கு வந்திருந்தாள். செஞ்சி கடைவீதியில் நான் வேலை பார்த்த நெஞ்சுநோய் கிளினிக்கில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்தான். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "சிஸ்டர், புதுசா ரெண்டு பொண்ணுங்க சேந்திருக்குது. வீட்டுக்குப் போயி தூக்க டெஸ்ட் மாட்டுற வேலைக்கு அனுப்பணும். நீங்க பாத்த கேசுங்கள எழுதிக் குடுங்க, படிச்சுப் பாக்கட்டும்" என்றாள்.

"இப்பதான் மெஷினே போனுக்கு ரிப்போர்ட் அனுப்பிடுதே, என் கதை எதுக்கு?" என்றேன்.

"மெஷின் கணக்கா சொல்லிடுது சிஸ்டர். ஆனா அத மூஞ்சில மாட்டிக்கினு ஆளுங்க தூங்கணுமே, அதுக்கு இன்னும் மெஷின் வரல" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "உங்க சொந்தக் கேசையும் எழுதணும். மறச்சீங்கன்னா நானே எழுதிடுவேன்" என்று மிரட்டிவிட்டுப் போனாள். ஊசி பிடிக்கக் கை நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்த பெண். இப்போது வாய் எவ்வளவு நீளம் பாருங்கள். சரி, எழுதிவிடுகிறேன். என் கேஸ் கடைசியில்தான் வரும். அதுவரை என் மானம் கொஞ்சம் பிழைத்திருக்கட்டும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. வல்லத்துக்குப் பக்கத்தில் வீடு. புதுச்சேரியில் நர்சிங் படித்தேன், பல ஆஸ்பத்திரிகளில் பல வார்டுகளில் நின்று கால் வீங்கினேன், கடைசிப் பதினைந்து வருஷம் இந்தக் கிளினிக்கில் இருந்தேன். முந்தைய வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா நர்சுகளும் ஓடியதுபோல் நானும் ஓடினேன். என் வேலை எனக்குப் பிடித்துப்போனது இந்தத் தூக்கக் கேசுகள் வந்த பிறகுதான்.

எங்கள் டாக்டரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், தணிந்த குரல். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் இரண்டு முறை துடைப்பார். அதற்கு மேல் அவரிடம் கோபம் கிடையாது. குறட்டைக் கேஸ் என்று யாராவது வந்தால் உடனே உள்ளே கூப்பிட மாட்டார். வெளியே மர நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார வைப்பார். டி.வி.யையும் நிறுத்தச் சொல்லிவிடுவார். ஆள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டால் நான் உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். பாதி நோய் அந்த நாற்காலியிலேயே தெரிந்துவிடும்.

உள்ளே வந்த பிறகும் நோயாளியிடம் கேள்வி கேட்க மாட்டார். கூட வந்தவரிடம்தான் கேட்பார். "இவரு குறட்ட விடும்போது நடுவுல சத்தம் நிக்குதாம்மா?" என்று மனைவியிடம் கேட்பார். "நிக்குது சார். அப்புறம் தண்ணிக்குள்ள முழுகி எழுந்தவரு மாதிரி மூச்ச இழுப்பாரு" என்று அந்த அம்மா சொல்லும். "நானா? குறட்டையா?" என்று கணவர் திகைப்பார். தூங்குகிறவருக்குத் தான் குறட்டை விடுவது எப்படித் தெரியும்? இந்த நோயே அப்படித்தான். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து ஒட்டிக்கொள்ளும், மூச்சு நிற்கும். மூளை பதறி உலுக்கி எழுப்பும், மூச்சு வரும், மறுபடி தூக்கம். ராத்திரி முழுக்க இதே கூத்து நடக்கும். காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் தூங்கியும் ஏன் கண் சொக்குகிறது என்று மட்டும் புரியாது.

இந்த நோய்க்கான கருவி எங்கள் கிளினிக்குக்கு வந்த முதல் நாளே டாக்டர் அதைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டார். மூக்கில் முகமூடி, அதிலிருந்து யானைத் தும்பிக்கையாக ஒரு குழாய், மேசைமேல் சின்ன மெஷின். அது மெதுவாகக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும், அந்தக் காற்று தொண்டையை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் வைத்தியம். அதை மாட்டியபடியே அரைமணி நேரம் பழைய சீட்டுகளில் கையெழுத்துப் போட்டார். பிறகு கழற்றி என்னிடம் நீட்டினார். "இப்ப நீங்க மேரி. நாம போட்டுப் பாக்காதத அவங்களுக்குப் போடச் சொல்லக் கூடாது."

அன்று சாயங்காலம் மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மா, "பாவம், மருந்து குடுக்குற பொண்ணுக்கே மூச்சு போயிடுச்சு" என்று உச்சுக்கொட்டியது. எனக்கு அழுகை வராத குறை. வாயைத் திறந்தால் மூக்கு வழியாகப் போன காற்று வாய் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. முதல் பத்து நிமிஷம் யாரோ தலையணையால் அமுக்குவதுபோல் இருந்தது. பிறகு மூச்சை விட்டுக்கொடுத்தேன், சரியாகிவிட்டது. அந்தப் பத்து நிமிஷத்தை நான் மறக்கவில்லை. பிற்பாடு யாராவது, "இத மாட்டிக்கினு எவன் தூங்குவான்?" என்று கத்தும்போது எனக்கு அவர்கள் மேல் கோபமே வந்ததில்லை.

வீட்டு டெஸ்ட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. புதிய பெண்களே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். சாயங்காலம் போக வேண்டும், அந்த வீட்டில் சாப்பிடுவதற்கு முன். ஆள் எங்கே படுப்பார் என்று பார்க்க வேண்டும். மருதாணி வைத்த விரலாக இருந்தால் வேறு விரல் பாருங்கள், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் அந்தச் சிவப்பில் தடுமாறும். மூக்குக்குச் சின்னக் குழாய். நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், அதில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. பெல்ட்டை ஆளின் சுற்றளவுக்கு இழுத்து, கொக்கி நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். மறுநாள் காலை டப்பா திரும்பி வந்ததும் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கொக்கி கோட்டைவிட்டு நகர்ந்திருந்தால் ராத்திரி பெல்ட் நழுவியிருக்கிறது, ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தது டாக்டர். கோடு போட்ட பேனா என்னுடையது. அந்தக் கோடுதான் இந்தக் கதையின் கதாநாயகி.

கதைக்கு முன் இரண்டு உதிரிகள். வல்லத்தில் ஒரு பெரிய மீசைக்காரர். மீசைக்கும் முகமூடிக்கும் நடுவே காற்று ஒழுகி, மெஷின் விசிலடித்தது. "மீசைய எடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மனைவி என்னைப் பின்பக்கம் இழுத்துப்போய், "அவுங்க நைனா செத்தப்பகூட எடுக்கலம்மா, உசுரே போனாலும் எடுக்காது" என்றது. மூக்குத் துவாரத்தோடு நின்றுவிடும் சின்ன முகமூடியை வரவழைத்துக் கொடுத்தோம். மீசையும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். இன்னொரு பாட்டி, மெஷினுக்குள் ஊற்றச் சொன்ன சுத்தத் தண்ணீரில் இரண்டு மூடி யூகலிப்டஸ் தைலத்தைக் கலந்துவிட்டார். மூக்கு அடைப்புக்கு நல்லதாம். மறுநாள் கண்ணெல்லாம் சிவந்து கிளினிக்குக்கு வந்தவர், "மெஷின் நல்லாதான் இருக்குது, ஆனா ரொம்ப காரம்" என்று குறை சொன்னார்.

இனி ஏழுமலை.

சிங்கவரத்துக்காரர். வல்லம் வழியாகச் செஞ்சிக்கு வரும் தனியார் பஸ்ஸில் டிரைவர். நான் தினமும் வேலைக்கு வந்ததே அந்த பஸ்ஸில்தான். கல்யாண வீட்டுச் சமையல்காரர் போன்ற பெருத்த உடம்பு, எந்த நேரமும் சிரிப்பு. ஸ்டாப்பிங் இல்லாத இடத்திலும் கைக்குழந்தையோடு யாராவது நின்றால் நிறுத்திவிடுவார். ஒரு நாள் பஸ்ஸின் பக்கவாட்டைச் சாலையோரப் புளியமரத்தில் நீளத்துக்குத் தேய்த்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. "சூரியன் கண்ணுல அடிச்சுது" என்றார். நடந்தது மேகமூட்டமான நாளில். பஸ் முதலாளி, டாக்டரிடம் காட்டிக் கடிதம் வாங்கி வந்தால்தான் மறுபடி முழு ட்ரிப்பும் தருவேன், அதுவரை ஒற்றை ட்ரிப் என்று சொல்லிவிட்டார்.

கிளினிக் மர நாற்காலியில் ஏழுமலை மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லை. டாக்டர் அவர் மனைவி கஸ்தூரியிடம் கேட்டார். "குறட்ட நிக்கும்போது நான் காலால ஒதப்பேன் சார். மூச்சு வந்துடும். நான் அசந்துட்டா இன்னா ஆவும்னு நெனச்சு நானும் தூங்கறதில்ல" என்றது கஸ்தூரி. ஏழுமலை அசடு வழியச் சிரித்தார்.

அன்று சாயங்காலமே சிங்கவரம் போனேன். கஸ்தூரியின் அக்கா வீட்டுக்காரர் குப்புசாமியும் அங்கே வந்திருந்தார். ஏழுமலைக்குச் சகலை. கருவேலங்குச்சி மாதிரி ஒல்லி. நான் ஏழுமலைக்குப் பெல்ட் கட்டும்போது அது கடைசி வரை இழுபட்டது. கொக்கி நின்ற இடத்தில் கோடு போட்டேன். ஏழுமலையின் வழக்கமான சிரிப்பைக் காணோம். "இதுல கெட்டதா வந்தா இன்னா பண்ணுவாங்க சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். "மெஷின் குடுப்பாங்க. சரியாவுற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாதும்பாங்க" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன விதம் சரியில்லை. சரியான பிறகு ஓட்டலாம் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். புதிய பெண்களே, அந்தப் பாதியை ஒருபோதும் விழுங்காதீர்கள்.

மறுநாள் காலை கஸ்தூரி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தது. என் கண்ணைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு உடனே போய்விட்டது. கம்ப்யூட்டரில் போட்டேன். ரிப்போர்ட் தங்கம். மூச்சு ஒரு முறைகூட நிற்கவில்லை, குறட்டை இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் இம்மியும் குறையவில்லை. எனக்கே சந்தோஷமாகிவிட்டது. "நம்ம ஏழுமலைக்கு ஒண்ணுமில்ல சார்" என்று டாக்டரிடம் ஓடினேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஏன் மேரி, ஏழுமலை ஒரே ராத்திரியில ஒரு சாண் எளைச்சுட்டாரா?"

கொக்கி என் கோட்டிலிருந்து ஒரு முழுச் சாண் உள்ளே வந்து நின்றிருந்தது. நழுவினால் பெல்ட் தளரும், இறுகாது. யாரோ மெனக்கெட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்த வீட்டில் அந்த அளவுக்கு ஒடுங்கிய நெஞ்சு உள்ள ஆள் ஒருவர்தான். சகலைக்கு மாட்டிவிட்டுச் சகலையைத் தூங்க வைத்திருக்கிறார்கள். குப்புசாமியும் குழந்தை மாதிரி தூங்கியிருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கே காது குத்தப் பார்க்கிறார்கள். "பஸ் முதலாளிக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன் சார்" என்றேன். "முதலாளி நம்ம நோயாளி இல்ல மேரி. ஏழுமலைதான் நம்ம ஆளு. அவர் பொய் சொன்னாரு, சரி. பயந்தவன் பொய்தான் சொல்லுவான். இந்த ரிப்போர்ட்டுக்கு நான் கடிதம் குடுக்க மாட்டேன். ஆனா அவர நீங்கதான் கூட்டிக்கிட்டு வரணும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. டிரைவருக்கு இடப்பக்கம், எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் சீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஏழுமலையின் சிரிப்பு பாதியில் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்கூடைக்காரர்கள், மல்லாட்டைக் கடலை மூட்டையோடு இரண்டு பேர், பஸ் நிறைந்திருந்தது. வல்லம் தாண்டி நேர் ரோடு. தூரத்தில் கோட்டை மலை தெரியத் தொடங்கும் இடம். அங்கே நான் பார்த்தேன். அவர் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. தாடை மெல்ல இறங்கியது. ஸ்டேரிங்கில் இருந்த கை தளர்ந்தது. வண்டி வெள்ளைக் கோட்டை மெதுவாகத் தாண்டி வலப்பக்கம் போனது. எதிரே கரும்பு லாரி.

"ஏழுமல!" என்று நான் போட்ட சத்தம் என் வாழ்க்கையிலேயே பெரிய சத்தம். அவர் திடுக்கிட்டுத் திருப்பினார். லாரி எங்களை ஒட்டிக்கொண்டு போனது. பின்னால் இருந்தவர்களுக்கு ஏதோ குழியைத் தவிர்த்ததாகத்தான் தெரிந்தது. ஒருவர், "பாத்து ஓட்டுப்பா" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு செஞ்சி பஸ்ஸ்டாண்ட் வரை நான் வாயை மூடவில்லை. "உன் மாமியாருக்கு முட்டிவலி எப்பிடி இருக்குது? சொல்லு. சத்தமா சொல்லு. உன் சின்னப் பொண்ணு இன்னா படிக்குது? வாய்ப்பாடு தெரியுமா அதுக்கு? ஏழாம் வாய்ப்பாடு உனக்குத் தெரியுமா? சொல்லு பாக்கலாம்." ஏழுமலை வியர்க்க வியர்க்க ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பஸ்ஸை ஓட்டினார். ஏழெட்டு அம்பத்தாறில் தடுமாறினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

பஸ்ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கியதும் பையிலிருந்து பெல்ட்டை எடுத்து அவர் மடியில் போட்டேன். கோட்டைக் காட்டினேன்.

"உன் சகலை நல்லா தூங்குனாரு, ஒரு கொறையும் இல்ல. அவரையே வண்டி ஓட்டச் சொல்லேன்" என்றேன்.

அவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சிஸ்டர், எனக்கு வேற ஒரு எழவும் தெரியாது. நெலமும் இல்ல. இந்த வண்டிய விட்டு இறக்கிட்டா நான் யாரு சிஸ்டர்?"

"இறங்கலன்னா இந்த வண்டியில யாரும் மிஞ்ச மாட்டோம்பா. இப்ப அந்த லாரிய நீ பாத்தியா?"

"பாக்கல" என்றார். நான் அதுவரை பார்த்திராத முகம் அது. "நெஜமா பாக்கல சிஸ்டர்."

அப்போதுதான் முன்பு விழுங்கிய பாதியைச் சொன்னேன். மெஷின் வைத்துச் சரியாகிவிட்டால் டாக்டரே கடிதம் தருவார், மறுபடி ஓட்டலாம் என்றேன். அவர் சாவியை எடுத்துக் கண்டக்டர் கையில் கொடுத்தார். "முதலாளிகிட்ட சொல்லுடா, வேற ஆள அனுப்பச் சொல்லு" என்றார். அந்தச் சாவியைக் கொடுப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இந்த முறை டெஸ்ட்டில் கொக்கி கோட்டிலேயே நின்றது. ரிப்போர்ட் பயங்கரம். டாக்டர் துடைக்கக்கூட இல்லை, நேராக மெஷினை எடுத்துக் கொடுத்தார். ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது குறையாமல், தொடர்ந்து மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் சின்ன அட்டை எல்லாவற்றையும் பதிவு செய்யும். ஒரு மாதம் கழித்து அதையும், பகலில் தூக்கம் வருகிறதா என்பதையும் பார்த்துத்தான் கடிதம்.

முதல் வாரம் வீட்டில் போர். முகமூடியைத் தூக்கத்தில் பிடுங்கிப் போட்டார். கஸ்தூரி மறுபடி மாட்டியது. வயிறு காற்றால் உப்பியது, மூக்கு காய்ந்தது. பகலிலும் மாட்டிக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னேன், மூஞ்சிக்குப் பழகட்டும் என்று. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

வீட்டில் இருப்பும் கொள்ளவில்லை அவருக்கு. தினமும் காலையில் வல்லத்துக்கு வந்து, தன்னுடைய பஸ்ஸிலேயே பயணியாக ஏறி, எனக்குப் பின் சீட்டில் உட்காருவார். புது டிரைவர் பிரேக் போடும் இடத்திலெல்லாம் இவர் காலும் தரையை அமுக்கும். வளைவு வந்தால் கை தானாகத் திரும்பும். பார்க்கவே பாவமாக இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். ஏறியதும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்.

"நேத்து எத்தினி மணி நேரம்?"

"ரெண்டு சிஸ்டர்."

"நாளைக்கு மூணு."

அவ்வளவுதான் வைத்தியம். திட்டியதில்லை, பிரசங்கம் செய்ததில்லை. இரண்டு மூன்றானது, மூன்று நாலானது. மூன்றாவது வாரம் ஒரு நாள் என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "சிஸ்டர், கோட்டைக்கு மேல கொடிக்கம்பம் மாதிரி ஒண்ணு தெரியுது பாத்தீங்களா? இத்தினி வருஷம் இந்த ரோட்டுல ஓட்டுறேன், இன்னிக்குத்தான் கண்ணுல படுது" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதுவிட்டேன், வேறென்ன.

மாத முடிவில் அட்டையைக் கொண்டுவந்தார். டாக்டர் பார்த்தார். எல்லா ராத்திரியும் அருமை, நடுவில் ஒரு ராத்திரி மட்டும் சுத்த பூஜ்யம்.

"இது இன்னா ஏழுமலை?"

ஏழுமலை நெளிந்தார். "ஆயுத பூஜ சார். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் வெச்சுக் கும்பிட்டோம். அன்னிக்கு மெஷின்கிட்ட வேல வாங்கக் கூடாதில்ல சார்? ஓய்வு குடுத்துட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "மெஷினுக்கு ஓய்வு சரி. உங்க மூச்சுக்கும் சேத்து பொட்டு வெச்சு ஓய்வு குடுத்துட்டீங்களே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெஷினைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், காற்று போகும் வடிகட்டியின் நட்டநடுவில் சந்தனம். தீப்பெட்டிக் குச்சியால் சுரண்டி எடுத்தேன். டாக்டர் இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, நாற்காலியில் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். ஏழுமலை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த காசநோய் விளம்பரத்தை மனப்பாடமாக ஒப்பித்தார். கடிதம் கிடைத்தது. அடுத்த நாள் ஸ்டேரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். அதிலிருந்து ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு உண்டு, பக்கவாட்டில் மட்டும், ஓய்வு கிடையாது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவு மரியாதை!

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் சவரிமுத்து ரொம்ப நாளாகவே அடுத்த அறையில்தான் படுக்கிறார். "ஃபேன் காத்து ஒத்துக்கல" என்பார். அந்த அறையிலும் ஃபேன் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. போன பொங்கலுக்குப் பிறகு செஞ்சிக்குப் போக ஏழுமலை பஸ்ஸில் ஏறினேன். எஞ்சின் பக்கத்து சீட். பஸ்ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். என்னை யாரோ தோளில் தட்டி எழுப்பினார்கள். ஏழுமலை நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், வல்லம் தாண்டுறதுக்குள்ள தல மூணு தரம் விழுந்துச்சு. அப்புறம் குறட்ட. நடுவுல நின்னுச்சு. நான் பிரேக்க மெதுவா போட்டேன், மூச்சு வந்துடுச்சு."

"வெயிலு" என்றேன்.

"மேகமா இருக்குது சிஸ்டர்" என்றார்.

வேறு வழியில்லை, ரேவதி வந்து பெல்ட் கட்டினாள், பேனாவால் கோடும் போட்டாள். ஆனால் நான் யார்? பதினைந்து வருஷ அனுபவம். மல்லாந்து படுத்தால்தான் மூச்சு அதிகம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். சுவரில் நாலு தலையணை முட்டுக்கொடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விடிய விடியத் தூங்கினேன். மறுநாள் காலை ரேவதி போன் செய்தாள். "சிஸ்டர், அந்த டப்பா ஆளு படுத்திருக்குதா உக்காந்திருக்குதான்னும் எழுதி வெக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். ராத்திரி எந்த ஊருக்கு பஸ்ல போனீங்க?" என்றாள். பக்கத்திலிருந்து டாக்டர் குரல் கேட்டது. "மேரிகிட்ட சொல்லு, நான் ரெண்டு தரம் தொடச்சுட்டேன்."

சகலை இல்லாத குறைதான். இருந்திருந்தால் அவருக்கு மாட்டியிருப்பேன். ஏழுமலை ஏன் அப்படிச் செய்தார் என்று அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஊருக்கே மாட்டிவிட்டவளுக்குத் தன் முகத்தில் மாட்டிக்கொள்ள வெட்கம், பயம். அறுபது வயதில் நோயாளி ஆகிவிட்டோமே என்று துக்கம். அடுத்த ராத்திரி ஒழுங்காகப் படுத்தே டெஸ்ட் எடுத்தேன், மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் அழுதேன். சவரிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் இந்த ரூமுக்கே திரும்பி வந்துடட்டுமா மேரி?" என்றார். மாட்டிக்கொண்டேன்.

இந்தக் காலத்து மெஷின் ஒவ்வொரு காலையும் ரேவதி போனுக்கு என் மணிக்கணக்கை அனுப்பிவிடுகிறது. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஏழுமலைக்குச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

இன்று காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகரவில்லை. மறுபடி விசில். ஏழுமலை எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டேரிங்கில் கை வைத்து, மேலே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.

"நேத்து எத்தினி மணி நேரம் சிஸ்டர்?"

ஆறு என்று சொல்ல வாய் வந்தது. கண்ணாடியில் அவர் கண்கள் தெளிவாக, முழுசாக விழித்திருந்தன. அந்தக் கண்ணிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"நாலு" என்றேன்.

அவர் கியரைப் போட்டார்.

"நாளைக்கு அஞ்சு."